அடுத்த சாப்பா எப்போது விழும்?

மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி வெளி, சுள்ளிக்கல், தோப்பும்படி பக்கத்துத் தமிழ் வாசகர்கள் வேலை தேடுவது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கே இந்த முறை இடம் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

● “நம்பிக்கையோடு இரு” என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எதை நம்பி?
– பி.டெக். முடித்து ஒன்றரை வருடம் ஆனவர், கூவப்பாடம்

நியாயமான கோபம். “எல்லாம் நல்லபடியாக நடக்கும்” என்பதை நம்பச் சொல்ல மாட்டேன். அதற்கு யாரிடமும் உத்தரவாதம் கிடையாது. நாளைக்குச் செய்ய ஒரு காரியம் இருக்கிறது என்பதை நம்புங்கள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எந்த விண்ணப்பத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்று இன்றிரவு ஒரு தாளில் எழுத முடிகிறதா? அப்படியானால் உங்களிடம் நம்பிக்கை இருக்கிறது. மனசு சோர்ந்து கிடந்தாலும் இருக்கிறது.

● ஒரு நாளைக்கு எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கலாம்?
– பனையப்பள்ளி

விளம்பரத்தை முழுசாகப் படித்து, அதற்கேற்ப ரெஸ்யூமை மாற்றி அனுப்புவதானால் இரண்டு மூன்று. படிக்காமல் அனுப்புவதானால் ஒன்றுகூட வேண்டாம்.

● என் பாட்டியின் அப்பா கொச்சித் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். “அந்தக் காலத்தில் ஒரு நாள் வேலைக்காக ரத்தம் வர அடித்துக்கொண்டார்கள், உங்களுக்கு என்ன குறை?” என்கிறார் பாட்டி. நிஜமா, மிகையா?
– டிப்ளமோ மெக்கானிக்கல், சுள்ளிக்கல்

மிகை இல்லை. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் அன்றன்றைக்கு ஆள் எடுத்த காலம் அது. வேலைக்கு அடையாளம் ‘சாப்பா’ என்ற உலோக வில்லை. ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கூட்டத்தைப் பார்த்து அதை வீசி எறிவார்கள். விழுந்து புரண்டு யார் கையில் சிக்குகிறதோ அவருக்கு அன்றைய கூலி. சிக்காதவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். ஒரே தெருவில் குடியிருந்தவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள், விடிந்தால் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

இந்தச் சாப்பா முறையை எதிர்த்து 1953இல் தொழிலாளர்கள் 75 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. சைது, சைதலவி என்ற இருவர் குண்டடிபட்டு இறந்தார்கள். அந்தோணி என்பவர் போலீஸ் சித்திரவதையில் இறந்தார். கே.எம். சிதம்பரன் இதை வைத்து ‘துறைமுகம்’ என்று நாடகம் எழுதினார். அவர் மகன் கோபன் சிதம்பரன் அதைத் திரைக்கதையாக்க, ராஜீவ் ரவி இயக்கத்தில் 2023இல் படமாக வந்தது. பாட்டியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

ஆனால் “உங்களுக்கு என்ன குறை” என்பதில் மட்டும் பாட்டியோடு நான் ஒத்துப்போகவில்லை. சாப்பா இன்றும் விழுகிறது. செல்போனில் விழுவதால் சத்தம் கேட்பதில்லை, அவ்வளவுதான். ஓர் இடத்துக்கு ஆயிரக்கணக்கானோர். ஒரு காலியிடத்தின் தகவல் கிடைத்தால், கூடப் படித்தவன் முந்திவிடுவானோ என்று மூச்சுவிடாமல் வைத்துக்கொள்கிறோம். வில்லையை வீசியவனுக்கு அன்று இருந்த பெரிய லாபமே இதுதான்: கீழே நிற்பவர்கள் அவனைப் பார்க்கவில்லை, பக்கத்தில் நிற்பவனையே எதிரியாகப் பார்த்தார்கள். அந்தத் தொழிலாளர்கள் சேர்ந்து நின்று, வீசுவதையே நிறுத்து என்று கேட்ட நாளில்தான் நிலைமை மாறத் தொடங்கியது.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வேலை தேடுகிற நாலைந்து பேர் வாரத்தில் ஒரு மாலை ஒரு டீக்கடையில் உட்காருங்கள். கையில் உள்ள எல்லாக் காலியிடத் தகவலையும் மேசைமேல் போடுங்கள். ஒருவர் ரெஸ்யூமை இன்னொருவர் படித்துத் திருத்துங்கள். போன வாரம் நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று போய் வந்தவர் சொல்லட்டும். உங்கள் படிப்பும் பக்கத்தில் இருப்பவர் படிப்பும் ஒன்றாகவே இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

● டிகிரியில் அரியர், நடுவில் இரண்டு வருடம் சும்மா. ரெஸ்யூமில் இதை எப்படி மறைப்பது?
– தோப்பும்படி

மறைக்க வேண்டாம். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு 24 வயது இளைஞர் ஒருவர் விண்ணப்பம் போட்டார். மெட்ரிகுலேஷன் தேறியவர், எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், கையில் பட்டம் இல்லை. படிப்பைத் தொடர முடியாமல் போனதை அவர் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட்டார். அந்த இடைவெளியில் கணிதத்தில் உழைத்துக்கொண்டிருந்ததையும் சொன்னார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த பரிந்துரைக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பினார். மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் மார்ச் 1 அன்று வேலையில் சேர்ந்தார். அவர் பெயர் ராமானுஜன்.

அதற்கு முன்னும் பின்னும் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். கணக்கு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு, இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். அவர் சென்னையில் உள்ளவர்களுக்குக் கடிதம் தந்தார். அந்த வழியில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அறிமுகமாகி, சில மாதங்கள் செலவுக்குப் பணம் தந்தார். துறைமுகத்தில் அவருக்கு மேலதிகாரியாக வாய்த்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். பிறகு ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய கணித அறிஞர்கள் கைகொடுக்கவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். மற்றது உலகத்துக்கே தெரியும்.

நாம் ராமானுஜன் இல்லை என்பீர்கள். வேண்டியதும் இல்லை. இடைவெளியை இரண்டு வரியில் நேராகச் சொல்வதற்கும், அந்த நாட்களில் செய்தது எதுவானாலும் அதைச் சேர்த்து எழுதுவதற்கும், பதில் வராத கடிதத்துக்குப் பிறகு இன்னொன்று எழுதுவதற்கும் மேதையாக இருக்கத் தேவையில்லை.

● சிபாரிசு இல்லாமல் வேலை கிடைக்காது என்கிறான் நண்பன். எங்களுக்குப் பெரிய மனிதர்கள் யாரையும் தெரியாதே?
– பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ், செர்லாய்

பெரிய மனிதர் வேண்டாம். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் போதும். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் விசாரித்தபோது, பலருக்குத் தகவல் சொன்னவர் நெருங்கிய நண்பரே இல்லை. எப்போதாவது பார்க்கிற ஆள். காரணம் எளிது. உங்கள் உயிர் நண்பனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். என்றோ பார்க்கிறவர் வேறு உலகத்தில் நடமாடுகிறார். 2022இல் லிங்க்ட்இன் பயனாளர்கள் 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது.

ஆகவே பட்டியல் போடுங்கள்: பழைய டியூஷன் மாஸ்டர், மருந்துக்கடைக்காரர், அக்காவின் பழைய தோழி, கப்பல் முகவர் அலுவலகத்தில் இருக்கும் மாமாவின் நண்பர். “வேலை வாங்கிக் கொடுங்கள்” என்று கேட்டால் அவர் சங்கடப்படுவார். “உங்கள் ஆபீஸில் யார் யாருக்கு என்ன வேலை, எதைக் கற்றுக்கொண்டால் உள்ளே வரலாம்?” என்று கேட்டால் உட்காரவைத்துப் பேசுவார்.

● கல்யாண வீட்டில் “என்ன பண்றே?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– அமராவதி

“அக்கவுண்ட்ஸ் வேலை தேடிட்டு இருக்கேன் மாமா, உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க.” இதன் பிறகு பதில் சொல்ல வேண்டிய முறை அவருடையது.

● அப்பா வெளி தோபிகானாவில் துணி வெளுக்கிறார். நான் எம்.காம். வேலை கிடைக்கும் வரை அப்பாவுக்கு உதவியாக நில் என்கிறார் அம்மா. கூடப் படித்தவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று கால் நகர மறுக்கிறது.
– ஃபோர்ட் கொச்சி வெளி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரிக்கிறேன்.

அந்தத் தொழிலிலேயே இருந்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நீங்கள். பிறப்போடு ஒட்டவைக்கப்பட்ட தொழிலை விட்டு வெளியே போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் அப்பா வெயிலில் நின்று உங்களை எம்.காம். படிக்கவைத்ததும் அதற்காகத்தான் இருக்கும்.

ஆனால் வெட்கத்தினால் மட்டும் அந்த வாசலைத் தவிர்க்காதீர்கள். குளக்கரைகளில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 1976இல் இந்தத் தோபிகானா கட்டிடம் கிடைத்தது. இன்றும் வண்ணார் சங்கம்தான் அதை நடத்துகிறது. தனித்தனித் துவைகற்கள், கயிற்று முறுக்கிலேயே துணியைச் செருகும் கொடிகள், கரிப்பெட்டி இஸ்திரி. கிளிப் இல்லாமல் காற்றில் துணி நிற்கிற அந்த வித்தையை வெளிநாட்டுப் பயணிகள் நின்று படம் எடுக்கிறார்கள். எந்த வீட்டுத் துணி யாருடையது என்று ஒரு சின்ன நூல் அடையாளத்தை வைத்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மதிக்க வேண்டிய அறிவு அது.

எம்.காம். படித்த கண்ணோடு உள்ளே போங்கள். எந்த ஹோட்டல் எவ்வளவு பாக்கி, ஒரு படுக்கை விரிப்புக்கு உண்மையில் என்ன செலவாகிறது, பியனாலே கலைக் கண்காட்சி நடக்கும் மாதங்களில் ஹோம்ஸ்டேக்களிடமிருந்து எவ்வளவு கூடுதலாக வருகிறது என்று கணக்கு எழுதுங்கள். மூன்று மாதக் கணக்கு ஒழுங்காக இருந்தால் அது உங்கள் ரெஸ்யூமில் ஒரு வரி. துணி கொண்டுபோய்க் கொடுக்கிற ஒவ்வொரு ஹோட்டலிலும் ஓர் அக்கவுண்ட்ஸ் அறை இருக்கிறது. அங்கே உங்கள் முகம் தெரிந்திருக்கட்டும். பார்த்துச் சிரிக்கிற நண்பன் இருந்தால், அவன் சிரிப்புக்காக அப்பாவின் சுமையைக் கூட்ட வேண்டியதில்லை.

● பகலில் தூக்கம், இரவெல்லாம் போன். நேரம் நிறைய இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் சோம்பேறியா?
– வேலை போய் ஏழு மாதம், கொச்சங்காடி

இல்லை. வேலையின்மை மனிதரை இப்படித்தான் ஆக்கும். வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரில் நூற்பாலை மூடி, ஊரே வேலை இழந்தது. மரீ யஹோடா, லாசர்ஸ்ஃபெல்ட், ஜைஸல் ஆகிய ஆய்வாளர்கள் அங்கே போய் வாழ்க்கையைக் கவனித்து 1933இல் புத்தகம் வெளியிட்டார்கள். நேரம் கைநிறைய இருந்தும், கட்டணத்தை நீக்கிய பிறகும்கூட, நூலகத்திலிருந்து புத்தகம் எடுப்பது பாதிக்குப் பாதி குறைந்துபோனது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்தது. நாலு அடிக்கு ஒருமுறை நின்றார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை இருந்ததால் அவர்கள் நடை அவ்வளவு தளரவில்லை. வேலை என்பது சம்பளத்தோடு நாளுக்கு ஒரு வடிவத்தையும் தருகிறது. அது போனால் நாள் உருவிழந்துவிடுகிறது.

அந்த வடிவத்தை வெளியிலிருந்து கடன் வாங்குங்கள். யாராவது உங்களுக்காகக் காத்திருக்கிற மாதிரி காலையில் ஒரு கடமை வேண்டும்: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தருவது, பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, ஒரு கடையில் பாதி நாள். விண்ணப்ப வேலை மதியத்துக்குள் முடியட்டும். இரவில் ரெஸ்யூமைத் தொடாதீர்கள். இரவில் படித்தால் எல்லா ரெஸ்யூமும் மட்டமாகத்தான் தெரியும்.

தூக்கமின்மையோடு “இருந்து என்ன பயன்” என்ற எண்ணமும் வருகிறதென்றால் இன்றே பேசுங்கள். டெலிமானஸ் 14416, கேரளத்தில் திசா 1056. இரண்டும் அரசு நடத்துபவை, இலவசம். தமிழில் பேசவும் ஆள் கேட்கலாம்.

● ஏஜென்ட் ஒருவர் துபாய் வேலைக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய்விடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்.
– ஐ.டி.ஐ. வெல்டர், பள்ளுருத்தி

போக வேண்டாம். இந்தியச் சட்டப்படி, பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கும் ரசீது வாங்க வேண்டும். முகவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். சந்தேகம் தீராவிட்டால் கொச்சியிலேயே குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, கேரள அரசின் நோர்கா இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு யோசிக்காதீர்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மர், கம்போடியா மோசடிக் கூடாரங்களில் அடைபட்டு மீட்கப்பட்டவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் இருந்தார்கள். அவர்களும் நம்பிக்கையோடு போனவர்கள்தான்.

வெல்டர் என்கிறீர்கள். வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் கொச்சிக் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 2022இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய இடம். ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸாக எடுப்பார்கள்; ஒப்பந்த வேலை அறிவிப்பும் வரும். அவர்கள் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். அந்த அனுபவத்தோடு துபாய்க்குப் போனால் நீங்கள் கேட்கிற சம்பளமே வேறு.

● மூன்றாவது வருடமாக பி.எஸ்.சி. தேர்வுக்கு மட்டும் படிக்கிறேன். தொடரலாமா?
– எம்.ஏ. தமிழ், பனையப்பள்ளி

படியுங்கள், ஆனால் அதை மட்டும் என்று வேண்டாம். 2022இல் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பில் 7,301 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம். ஓர் இடத்துக்கு 300 பேர். கேரளத்தில் ரேங்க் பட்டியலில் பெயர் வந்தாலும் அதற்கு ஆயுள் உண்டு. பொதுவாக அதிகபட்சம் மூன்று வருடம். காலாவதிக்கு முன் நியமனம் கேட்டுத் தலைமைச் செயலகத்துக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்து போராடியவர்களை நாம் பார்த்தோம். படித்துத் தேறியவர்களை அப்படி உட்காரவைத்தது அரசுக்கு அழகில்லை.

நீங்கள் எம்.ஏ. தமிழ், மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும் என்று கடிதத்தில் சொல்கிறீர்கள். தமிழும் மலையாளமும் அறிந்த எழுத்தர்களுக்கென்று கேரள பி.எஸ்.சி. தனியே அறிவிப்பு வெளியிடுவதுண்டு. அங்கே கூட்டம் குறைவு. அதைக் குறிவையுங்கள். கூடவே மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம் என்று பாதி நாள் சம்பாதியுங்கள். எந்தத் தேதிவரை முயல்வது என்று இப்போதே தீர்மானித்து வீட்டில் சொல்லிவிடுங்கள்.

● 46 வயது. மிளகுக் கிடங்கில் 22 வருடம் இருந்தேன், மூடிவிட்டார்கள். இந்த வயதில் யார் எடுப்பார்கள்?
– பஜார் ரோடு

ஐயா, ஜூ டவுனில் 1957 முதல் மிளகு முன்பேர வணிகம் நடந்த ஊர் உங்களுடையது. தரகர்கள் கூவிக் கூவி விலை பேசிய கூடத்தின் சத்தத்தைக் கணினித் திரை விழுங்கியது. அந்தச் சத்தத்தை நம்பி இருந்த பல வேலைகளும் போயின. உங்கள் வேலை போனது உங்கள் குறையால் இல்லை. இதை முதலில் நம்புங்கள்.

விண்ணப்பத்தில் ‘கிடங்கு மேலாளர், 22 வருடம்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். ஈரப்பதம் அதிகமான மிளகைக் கையில் அள்ளியதும் சொல்ல முடிகிற உங்கள் அறிவு அந்த வரியில் எங்கே? 550 ஜி.எல். எது, எம்.ஜி.1 தரத்துக்கு எது தேறும், எந்த மாதம் எந்த மலையிலிருந்து சரக்கு வரும், எந்தச் சரக்கில் கலப்படம் இருக்கும் என்று எழுதுங்கள். கொச்சியைச் சுற்றி மசாலா எண்ணெய், ஓலியோரெசின் ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்குக் கொள்முதலிலும் தரச் சோதனையிலும் ஆள் வேண்டும். சோதனைக்கூடத்து இளைஞருக்குக் கருவி தெரியும், உங்களுக்குச் சரக்கு தெரியும். எக்ஸெல் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் ஒரு மாதம் கற்றுக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் பழையதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆறு மாதத்தில் மறுபேச்சு என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள்.

● குழந்தைகளுக்காக எட்டு வருடம் வேலையை விட்டேன். “இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?” என்று நேர்காணலில் கேட்டால்?
– குஜராத்தி ரோடு

“இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், இப்போது முழுநேரமும் வேலை செய்ய முடியும்.” இதோடு நிறுத்திவிடுங்கள். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். நேர்காணலுக்கு முன் ஒரு சிறிய வேலையைக் கையில் எடுங்கள். பஜாரில் ஜி.எஸ்.டி. கணக்குப் போட ஆள் தேடும் கடைகள் உண்டு. இரண்டு கடைக்குச் செய்தால் எட்டு வருடத்தைப் பற்றிய பேச்சு நிற்கும், இந்த மாதத்தைப் பற்றிய பேச்சு தொடங்கும்.

● எனக்கு வேலை கிடைத்துவிட்டது, காக்கநாட்டில். கூடவே தேடிய மூன்று நண்பர்களுக்கு இன்னும் இல்லை. அவர்களிடம் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.
– சுள்ளிக்கல்

வாழ்த்துகள். இன்று மாலையே சொல்லிவிடுங்கள்; வேறு யார் மூலமாவது தெரிந்தால்தான் அவர்களுக்கு வலிக்கும். உங்களை என்ன கேட்டார்கள், எந்தக் கேள்வியில் திணறினீர்கள், எவ்வளவு சம்பளம் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். சேர்ந்து ஒரு மாதம் கழித்து, உங்கள் பிரிவில் யார் விலகுகிறார்கள், எங்கே ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் கம்பெனியில் பணியாளர் பரிந்துரைக்கு வழி இருந்தால் மூவர் பெயரையும் கொடுங்கள். முதல் சம்பளத்தில் அவர்களுக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரலாம். அவர்கள் வாரக் கூட்டம் போடுகிற டீக்கடைக்கு, வேலை கிடைத்த பிறகும் போய்க்கொண்டிருங்கள்.